பாசியின் மூச்சும் நோயாளியின் காலும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களுக்குப் பாசி என்றால் முகத்தைச் சுளிக்கத்தான் தெரியும். கோடையில் ஏரி பச்சை பூத்து நாற்றமெடுக்கும்போது மாநகராட்சியைத் திட்டுவது நமக்கு வழக்கமாகி விட்டது. 2016 மார்ச் மாதத்தில் அந்த ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கழிவுநீர் சேர்ந்து தண்ணீரில் கரைந்திருந்த பிராணவாயு குறைந்து போனதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட பாசியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை, மனிதனின் ரணத்திலேயே வைத்துத் தைத்து, அதற்கு ஒளி காட்டியிருக்கிறார்கள் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டு டாக்டர்கள். எட்டு நோயாளிகளிடம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. தோலின் முழு ஆழத்திற்கும் புண்பட்டிருந்த அந்த எட்டுப் பேருக்கும் பாசியினால் தீங்கு எதுவும் நேரவில்லை என்பதுதான் அதன் சாரம்.

இது ஏதோ வெளிநாட்டு விநோதம் என்று ஒதுக்கி விடக் கூடிய செய்தி அல்ல. சர்க்கரை வியாதியால் காலை இழப்பவர்கள் மிகுந்த நாடு நம்முடையது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து எடுத்த அகில இந்தியக் கணக்கு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். இவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது ஆயுளில் ஒரு முறை காலில் ஆறாத புண் வரக்கூடும் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் இரண்டு கோடிக் கால்களைப் பற்றிய பேச்சு இது. பாசி வைத்தியம் பலிக்குமா, பலித்தால் நமக்கு எட்டுமா என்ற கேள்விகளை இப்போதே எழுப்பிக் கொள்வது நல்லது.

ஆறாத புண்ணின் ரகசியம்

புண் ஆறுவதற்கு வேண்டிய முதல் பொருள் பிராணவாயு. புதுத் தோல் வளரவும், கிருமிகளை வெள்ளை அணுக்கள் கொல்லவும், தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாகவும் அது தேவை. அதைச் சுமந்து வருவது ரத்தம். ஒரு நுண்ணிய ரத்தக் குழாயிலிருந்து பிராணவாயு தானாகக் கசிந்து போகக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு அப்பாலுள்ள செல்கள் மூச்சுத் திணற வேண்டியதுதான்.

சர்க்கரை வியாதிக்காரரின் காலில் நடப்பது இதுவே. நரம்பு மரத்துப் போனதால் செருப்புக் கடித்ததே அவருக்குத் தெரிவதில்லை. ரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பதால் புண்ணுக்கு வேண்டிய பிராணவாயு போய்ச் சேருவதில்லை. கிருமிகள் குடியேறுகின்றன. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை என்று கத்தி ஏறுகிறது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர் அவராக இருந்தால், வெட்டப்படுவது ஒரு கால் மட்டுமல்ல.

இதற்கு மாற்று தேடியவர்கள் நோயாளியைக் காற்றழுத்தம் கூட்டிய அறையில் படுக்க வைத்துப் பிராணவாயு கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த அறைகள் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் போக வேண்டும், செலவும் அதிகம். வெளியிலிருந்து வாயுவைச் செலுத்துவதற்குப் பதிலாக, புண்ணிலேயே அதைத் தயாரித்தால் என்ன? பாசியின் நினைவு விஞ்ஞானிகளுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

எலியும் புதினாவும்

யோசனை புதியது அல்ல. 1770-களின் தொடக்கத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலப் பாதிரியார், மூடிய கண்ணாடிக் கூண்டில் எரிந்து அணைந்த மெழுகுவர்த்தியால் கெட்டுப் போன காற்றை, ஒரு புதினாக் கொத்து மறுபடியும் நல்ல காற்றாக்குவதைக் கண்டார். அதில் எலி மூச்சு விட முடிந்தது. அதற்கு வெயில் வேண்டும் என்பதை 1779-இல் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு டாக்டர் எடுத்துக் காட்டினார். எலிக்குப் பக்கத்தில் இருந்த செடியை எலிக்கு உள்ளேயே வைக்கலாமா என்று கேட்க இரண்டரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

இயற்கை அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லி விட்டது. வட அமெரிக்காவில் புள்ளிச் சலமாண்டர் என்ற, தவளைக்கு உறவான பிராணி ஒன்று இருக்கிறது. அதன் முட்டைக்குள்ளே பச்சைப் பாசி வாழ்கிறது. வளரும் கருவின் செல்களுக்கு உள்ளேயே அந்தப் பாசி குடியிருப்பதை 2011-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் இதய அறுவை நிபுணர் ஜோசப் ஊவின் குழு ஒரு சோதனை செய்தது. எலியின் இதயத்திற்கு ரத்தம் போகும் குழாயைக் கட்டி, மாரடைப்பு போன்ற நிலையை உண்டாக்கினார்கள். வாடிய தசைக்குள் சைனகோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை ஊசி மூலம் செலுத்தி, திறந்த மார்பின் மீது ஒளியைக் காட்டினார்கள். அந்தத் தசையில் பிராணவாயு கூடியது. இதயத்தின் வேலைத் திறனும் உயர்ந்தது. இருட்டில் வைத்த எலிகளுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. நான்கு வாரங்களுக்குப் பிறகும் ஒளி பெற்ற எலிகளின் இதயம் மேலாகவே இருந்தது.

2021-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹான்ஸ் ஸ்ட்ராகா என்பவரின் குழு தவளையின் தலைப்பிரட்டையைக் கொண்டு இதைவிட ஆச்சரியமான ஒன்றைக் காட்டியது. தலைப்பிரட்டையின் இதயத்தின் வழியே பாசியைச் செலுத்தினார்கள். அது ரத்தத்தோடு ஓடி மூளையின் குழாய்களில் பரவியது. சுற்றியிருந்த நீரில் பிராணவாயுவை அகற்றியதும் மூளையின் நரம்புகள் ஓய்ந்தன. ஒளி காட்டினார்கள். சுமார் பதினைந்து இருபது நிமிடங்களில் நரம்புகள் மறுபடி துடிக்கத் தொடங்கின.

பாசி மட்டும் போதாது

ஆனால் குளத்துப் பாசியை வழித்துப் புண்ணில் பூசினால் புண் சீழ் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து வரும். வித்தையின் பாதி பாசியில் இருக்கிறது என்றால், மறு பாதி அதைத் தாங்கும் பொருளில் இருக்கிறது. ஆகவேதான் இது உயிரியல் நிபுணரின் வேலையாக மட்டும் இல்லாமல் பொருளியந்திர நிபுணரின் வேலையாகவும் ஆகியிருக்கிறது.

சிலி நாட்டுச் சோதனையை எடுத்துக் கொள்வோம். தோமாஸ் எகானா என்ற விஞ்ஞானியும் அவருடைய ஜெர்மானியக் கூட்டாளிகளும் பல ஆண்டுகளாக இதில் உழைத்து வந்தவர்கள். தீக்காயத்துக்கு ஏற்கெனவே பயன்படும் செயற்கைத் தோல் ஒன்று உண்டு. கொலாஜனால் ஆன, பஞ்சு போல் துளைகள் நிறைந்த சாரம் அது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, புதுத் தசை ஏறி வளர அது இடம் கொடுக்கும். அதில் ரத்தக் குழாய் வளர்ந்து வரும் வரை உள்ளே நுழைந்த செல்களுக்கு மூச்சு இல்லை என்பதுதான் குறை. அந்தத் துளைகளுக்குள் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியை ஏற்றி, மேலே விளக்கு வைத்தார்கள். ஒரு பாசியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நோயாளியின் சொந்த ரத்தக் குழாய்கள் வந்து சேரும் வரை இடைக்காலத்தில் மூச்சுக் கொடுப்பதே பாசியின் பொறுப்பு. நிலையாகக் குடியிருக்க அதை யாரும் அழைக்கவில்லை.

இதே குழுவினர் பாசி ஏற்றிய தையல் நூலையும் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். பாசியின் மரபணுவை மாற்றி, ரத்தக் குழாய் வளரத் தூண்டும் மனிதப் புரதத்தை அதுவே சுரக்கும்படியும் செய்திருக்கிறார்கள். பிராணவாயுவும் மருந்தும் ஒரே தொழிலாளியிடமிருந்து கிடைக்கிறது என்று இதற்குப் பொருள்.

சீனாவில் நான்ஜிங் நகர விஞ்ஞானிகள் பிடித்த வழி வேறு. பாசியை உடலுக்குள் வைக்காமல், ஜெல் மணிகளுக்குள் அடைத்து, அவற்றைப் பிளாஸ்திரி போல் புண்ணின் மீது ஒட்டினார்கள். வெளிச்சம் பட்டதும் பாசி தரும் பிராணவாயு ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்குகிறது. வாயுவாகத் தோல் மீது விடுவதைக் காட்டிலும், இப்படிக் கரைந்த வடிவில் நூறு மடங்குக்கும் மேல் உட்செல்கிறது என்று 2020-இல் அவர்கள் அறிவித்தார்கள். சர்க்கரை வியாதி உண்டாக்கப்பட்ட எலிகளின் புண்கள் இதனால் விரைந்து ஆறின. புண்ணுக்குள் உயிரை விதைப்பதைவிட மேலே ஒட்டுவது நோயாளிகளுக்கும் அரசுக்கும் தயக்கமில்லாமல் ஏற்கக் கூடிய வழி என்பது நம் கருத்து.

பாசி முழுவதும் தேவையில்லை, அதன் யந்திரம் மட்டும் போதும் என்பாரும் உண்டு. சீனாவின் செஜியாங் பல்கலைக் கழகத்தில் பாலக் கீரையின் இலையிலிருந்து ஒளியைச் சக்தியாக்கும் நுண் சவ்வைப் பிரித்தெடுத்தார்கள். குருத்தெலும்புச் செல்லின் தோலை அதன் மீது போர்த்தி, தேய்ந்து போன மூட்டுக்குள் செலுத்தினார்கள். செல், அந்நியனை உறவினன் என்று நம்பி உள்ளே விட்டது. எலிகளின் மூட்டுத் தேய்வு குறைந்தது. இது 2022-இல் வெளியான செய்தி.

நீந்திச் செல்லும் மருந்து

பாசிக்கு நீந்தவும் தெரியும். கிளாமிடோமோனாஸுக்கு இரண்டு சாட்டைகள் உண்டு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஜோசப் வாங், லியாங்பாங் ஜாங் ஆகிய இருவரின் குழுக்கள், நுண்ணிய மருந்துப் பொட்டலங்களை அந்தப் பாசியின் முதுகில் ஒட்டி, நிமோனியா கண்ட எலிகளின் நுரையீரலுக்குள் விட்டன. பொட்டலத்தின் மீது வெள்ளை அணுவின் சவ்வு போர்த்தப்பட்டிருந்தது. பாசி நீந்தி நுரையீரல் எங்கும் மருந்தைச் சேர்த்தது. சிகிச்சை பெறாத எலிகள் மூன்று நாட்களுக்குள் மடிந்தன. சிகிச்சை பெற்ற எலிகள் எல்லாம் முப்பது நாட்கள் தாண்டியும் உயிரோடு இருந்தன. ரத்தத்தில் ஊசி போட்டால் எவ்வளவு மருந்து தேவையோ அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கே செலவாயிற்று. இது 2022-ஆம் ஆண்டின் செய்தி. அளவுக்கு மீறிக் கொடுத்துக் கொடுத்து நோய்முறி மருந்துகளையே மழுங்கடித்து விட்ட நம் நாட்டுக்கு இந்தக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது.

ஹாங்காங்கின் சீனப் பல்கலைக் கழகத்தில், சுருள் வடிவமான ஸ்பைருலினாப் பாசிக்குக் காந்தப் பொடி பூசி, வெளியிலிருந்து காந்தத்தால் அதை உடலுக்குள் ஓட்டிக் காட்டினார்கள்.

பிரான்சில் நடந்ததோ மனிதரிடம் கண்ட பலன். பார்வையை நாற்பது ஆண்டுகளாகப் பறிகொடுத்து வந்த 58 வயதுக்காரர் ஒருவரின் விழித்திரைக்குள், பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவைச் செலுத்தினார்கள். விசேஷ மூக்குக் கண்ணாடி ஒன்றும் அணிவித்தார்கள். மேஜை மீதிருந்த பொருள்களை அவர் தடவாமலே கண்டு, எண்ணிக் காட்டினார் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது.

ஒளி எட்டாத இடம்

இவ்வளவையும் படித்து விட்டு நாளைக்கே ஆஸ்பத்திரியில் பாசிக் கட்டு கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. தடைகள் பல.

முதலாவது, ஒளி. கண்ணுக்குத் தெரியும் ஒளி தசைக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. எலியின் மார்பைத் திறந்து ஒளி காட்டலாம். மாரடைப்பு வந்த மனிதரின் மார்பைத் திறந்து வைத்திருக்க முடியுமா? ஆழமாகப் போகும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிப் பாசிக்கு உகந்த ஒளியாக மாற்றித் தரும் நுண்துகள்களைச் சிலர் செய்து பார்க்கிறார்கள். அவை உடலுக்கு ஒத்துக் கொள்ளுமா என்பது தனிக் கேள்வி. ஆகவே, தோலும் வெளிப்புண்ணும்தான் பாசிக்கு முதலில் வாய்க்கும் களம்.

இரண்டாவது, இருட்டு. பாசி பகலில் பிராணவாயு தருகிறது; இருட்டில் அதுவும் மூச்சு விட்டு, இருக்கிற பிராணவாயுவைச் செலவழிக்கிறது. பச்சை பூத்த ஏரிகளில் விடியற்காலையில் மீன்கள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புண்ணின் மீது கட்டிய பாசிக்கும் அதே குணம்தான். விளக்கு அணைந்தால் உதவிக்கு வந்தவன் பங்காளியாகி விடுவான். மின்வெட்டு உள்ள ஊரில் இந்தச் சிகிச்சையை எப்படி நடத்துவது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கே நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 360 லிட்டர் பிராணவாயு வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் சிலிண்டருக்காக நம் மக்கள் தெருத்தெருவாக அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தத் தேவையைப் பாசியால் நிரப்ப முடியாது. ஓர் இடத்துப் பற்றாக்குறையை ஓர் இடத்தில் தீர்ப்பது மட்டுமே அதன் சக்திக்கு உட்பட்டது.

நான்காவது, பாதுகாப்பு. எட்டு நோயாளிகள், 90 நாள் கண்காணிப்பு என்பது முதல் படிதான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு அந்தச் சோதனையில் கிடையாது. பாசிக் கட்டுப் போட்டவர்களுக்குச் சாதாரணக் கட்டுப் போட்டவர்களைவிட விரைவில் ஆறுமா என்பதை அது சொல்லவில்லை. சொல்ல முற்படவும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ‘பலிக்கிறது’ என்ற சொல்லை உபயோகிக்கலாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தத் துறையில் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருகிறது என்பதை 1939-இல் உலகுக்குச் சொன்னவர் பி.கே. டே என்ற இந்தியர். பாசி இயலின் இந்தியத் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றியவர். அவர் வழியில் வந்த டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதி 1959-இல் டில்லியில் வெளியான பெருநூலை உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக் கழகத்தில் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் ஒரு பாசிக் களஞ்சியம் உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப நிலையம் 1970-களிலேயே பாசி வளர்ப்பில் இறங்கியது. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராமத்துப் பெண்களைக் கொண்டே ஸ்பைருலினாவை வளர்த்துக் காட்டியது.

தாங்கும் பொருளும் நம்மிடம் உண்டு. கொலாஜன் என்பது மாட்டுத் தோலில் நிறைந்திருக்கும் பொருள். அதிலிருந்து புண்ணுக்குப் போடும் கட்டுகளை உருவாக்குவதில் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அனுபவம் மிக்கது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய ரண சிகிச்சைச் சாரம் ஒன்றுக்கு 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதலைப் பெற்றது.

அதே நிலையத்தின் இதய வால்வுக் கதை நாம் மறக்கக் கூடாதது. டாக்டர் வலியத்தானின் தலைமையில் அங்கே செய்த முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட மலிவாக, ஒரு லட்சம் பேருக்கும் மேல் இதுவரை அது பொருத்தப்பட்டிருக்கிறது. தயாரித்தது சென்னையின் டி.டி.கே. நிறுவனம். மூன்று தோல்விக்குப் பிறகும் பணத்தை நிறுத்தாத ஒரு நிர்வாகமும், விடாமல் உழைத்த ஒரு குழுவும் இருந்ததால்தான் அது கைகூடிற்று.

ஆக, பாசியைத் தெரிந்தவர்கள் திருச்சியிலும் டில்லியிலும் இருக்கிறார்கள். கொலாஜன் தெரிந்தவர்கள் அடையாற்றில் இருக்கிறார்கள். நுண் யந்திரங்களைச் செய்து பார்க்கிறவர்கள் பெங்களூரு இந்திய விஞ்ஞான நிலையத்தில் இருக்கிறார்கள். ஆறாத கால் புண்ணோடு வரும் நோயாளிகள் எல்லா ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் இருக்கிறார்கள். இவர்கள் நால்வரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைப்பதுதான் அரசு செய்ய வேண்டிய காரியம்.

2024 ஆகஸ்டில் மத்திய மந்திரி சபை ‘பயோ ஈ-3’ என்ற உயிர்த் தொழில்நுட்பக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு மூன்றுக்கும் உயிரியலைக் கருவியாக்குவது அதன் நோக்கம். இந்தக் கொள்கையின் கீழ், ஆறாத புண்ணுக்கான பாசிக் கட்டு என்று ஒரே ஒரு குறிக்கோளை எடுத்துக் கொண்டு, பத்தாண்டுக்கு உத்தரவாதமான பணம் ஒதுக்கினால் பலன் தெரியும். நூறு சிறு திட்டங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கிட்டுக் கொடுத்தால் நூறு அறிக்கைகள்தான் மிஞ்சும்.

சட்டமும் விலையும்

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. உயிருள்ள பாசி ஏறிய சாரம் மருந்தா, மருத்துவச் சாதனமா? 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் ஆபத்தின் அளவைக் கொண்டு சாதனங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. புதிய மருந்துகளுக்கோ 2019-ஆம் ஆண்டு விதிகள் வேறு. பாசியின் மரபணுவை மாற்றி விட்டால், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகளும் சேர்ந்து கொள்ளும். மூன்று கதவுகளையும் தட்டி அலைய வேண்டுமென்றால் இந்திய விஞ்ஞானி ஓய்ந்து போவார். பெரும் மூலதனம் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிதான் கடைசியில் கதவைத் திறக்கும். உயிருள்ள கட்டுகளுக்கு எந்த விதி, எந்த அதிகாரி என்பதை அரசு முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். கதவு ஒன்றாக இருக்கட்டும். காவல் கடுமையாக இருக்கட்டும்.

சோதனை யாரிடம் நடக்கும் என்பதும் முக்கியம். காலை இழக்கும் தறுவாயில் இருக்கும் ஏழை எதற்கும் தலையாட்டுவார். மருந்துச் சோதனைகளில் சம்மதம் வாங்கும் முறை பற்றிச் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, சம்மதத்தை ஒலி-ஒளிப் பதிவு செய்ய 2013-இல் உத்தரவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும். வெளிமாநிலத்தில் வேலைக்கு வந்த தொழிலாளியிடம் அவருக்குப் புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. பெங்களூருவில் தமிழருக்குத் தமிழிலும், சென்னையில் ஒடியருக்கு ஒடியாவிலும் விளக்கம் சொல்லப்பட வேண்டும். சோதனைக்கு உடன்பட்டவருக்கு, அது வெற்றி பெற்ற பின் இலவசச் சிகிச்சை உண்டு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக விலை. பாசி வளர வெயிலும் தண்ணீரும் கொஞ்சம் உப்புச் சத்தும் போதும். ஆகவே பாசிக் கட்டு மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். விலை ஏறுவது பாசியினால் அல்ல. கிருமி நீக்கிய தயாரிப்புக் கூடம், உயிரோடு வைத்திருக்கும் சேமிப்பு, சோதனைச் செலவு, காப்புரிமை ஆகியவற்றால். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுகளை நோயாளிகளின் தலையில் இஷ்டத்துக்கு விலை வைத்துக் கட்டி வந்தார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்ததும், மருந்து பூசிய ஸ்டென்டு 29,600 ரூபாய்க்கு வந்தது. நோயாளிகள் வருஷக்கணக்கில் இழந்த பின் வந்த அந்தப் புத்தி, இந்தச் சரக்குக்கு முன்னதாகவே வரட்டும். அரசுப் பணத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பைத் தனியாருக்குக் கொடுக்கும்போதே விலை வரம்பை ஒப்பந்தத்தில் எழுதி விடலாம்.

எச்சரிக்கை

இதற்கிடையில் போலிகள் கிளம்புவார்கள். பாசியில் பிராணவாயு இருக்கிறது என்று ஏதோ செய்தியில் வந்ததைப் பிடித்துக் கொண்டு, ஸ்பைருலினா மாத்திரை தின்றால் கால் புண் ஆறும், பாசிப் பொடியைத் தூவினால் கால் பிழைக்கும் என்று விற்க ஆள் வருவார்கள். மாத்திரையில் இருப்பது உலர்ந்து செத்த பாசி. அது ஒளியைச் சேர்க்காது. புண்ணுக்கு மூச்சுத் தராது. ஆராய்ச்சியில் இருப்பதோ சுத்தமான கூடத்தில் வளர்த்த, கணக்காக ஏற்றிய, ஒளி காட்டிய உயிர்ப் பாசி. இரண்டையும் குழப்பிக் கொண்டு டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போட்டால், அந்தத் தாமதமே காலை வாங்கி விடும்.

பாசிக் கட்டு வரும் வரை நம் கையில் இருப்பவை எளியவை: சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, தினமும் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்ப்பது, வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது, சிறு கொப்புளத்துக்கும் டாக்டரைப் பார்ப்பது. வெட்டப்படும் கால்களில் பெரும்பகுதியை இவையே காப்பாற்றும். மீதியைக் காப்பாற்ற விஞ்ஞானம் வேண்டும்.

பூமியில் மூச்சு விடத் தக்க காற்று உண்டானதே நீலப்பச்சைப் பாசிகளால்தான். அது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கதை. அந்தப் பழைய ஜீவனை மருந்துப் பெட்டிக்குள் கொண்டு வரும் முயற்சியில் சிலி முந்தியிருக்கிறது. சீனாவும் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஓடுகின்றன. பாசி ஞானத்தில் அவர்களுக்குப் பின்தங்காத நாம், பத்தாண்டு கழித்து அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கிக் கட்டப் போகிறோமா, அல்லது அடையாற்றுச் சாரத்தில் திருச்சிப் பாசியை ஏற்றி நம் நோயாளிக்கு நாமே கட்டப் போகிறோமா என்பதை, இன்று ஒதுக்கப்படும் பணமும் எழுதப்படும் விதியுமே முடிவு செய்யும். கால் போனவர்களுக்கு இந்தப் பதில் பயன்படாது. இனிமேல் புண்ணோடு வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு அது தாமதமாகக் கூடாது.